கொடியைப் பாரும், தம்பி

ஆடி பிறந்து கச்சான் காற்று இறங்கிவிட்டால் எங்கள் லயத்தில் எதையும் கட்டாமல் வைக்க முடியாது. துணி, சாக்கு, கூரைத் தகரம், கோழிக்கூட்டு மூடி எல்லாம் காற்றோடு போய்விடும். போன வாரம் ஒரு நடுச்சாமத்தில் பக்கத்து வீட்டுக் கூரைமேல் விரித்திருந்த நீலப் படங்கின் ஒரு மூலை அவிழ்ந்துகொண்டது. படபடவென்று அடித்தது. ஒரு கணம் அடங்கியது. மறுபடி அடித்தது. தூக்கம் கலைந்து படுத்திருந்த எனக்கு அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது. காற்றுக்கு நேரே மூக்கைத் திருப்பி நிறுத்திய சின்னப் படகில் பாய் உதறும் சத்தம் அது.

விடிந்ததும் ஏணி வைத்து ஏறி, மூலையில் கயிற்றைக் கோத்துக் கட்டினேன். கீழே நின்ற வீட்டுக்காரரின் மகன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இது என்ன முடிச்சு? இழுத்தா சுருக்கு விழ மாட்டேங்குது, அவிழவும் மாட்டேங்குது."

படகுக்காரர்கள் போடுகிற முடிச்சு என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. நமுனுகுல மலையை எதிரே பார்த்தபடி கிடக்கிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. கடல் இங்கிருந்து அரை நாள் பயணம். இந்த லயத்தில் பிறந்த ஒருவனுக்குப் பாய்ப்படகு எப்படித் தெரியும் என்று அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குக் கடல் இல்லையே தவிர, காற்று உண்டு. தென்மேல் பருவக்காற்று நுவரெலியாப் பக்கத்து மலைகளில் மழையை இறக்கி வைத்துவிட்டு, காய்ந்த கச்சான் காற்றாக எங்கள் ஊவாவுக்குள் விழும். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் அதன் ராச்சியந்தான். உதடு வெடிக்கும், தேயிலைக் கொழுந்து சுருங்கித் தடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தருகிற அந்த மணம் கொழுந்தில் ஏறுவதும் இந்த மூன்று மாதத்தில்தான். அப்பா தேயிலை ஸ்டோரில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலை செய்தார். கச்சான் நாட்களில் இரவு வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையிலிருந்து ஒரு குளிர்ந்த வாசனை வரும். தாத்தாவோ முற்றத்தில் நின்று எதிர்மலையின் மானாப்புல்லைப் பார்ப்பார். புல் சாய்கிற பக்கத்தை வைத்து, இன்னும் எவ்வளவு நேரத்தில் காற்று எங்கள் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடுவார். அந்தப் பார்வை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

காற்றைப் போலவே இன்னொன்றும் சின்ன வயதில் ஒட்டிக்கொண்டது. அது கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிடைத்தது.

அம்மா காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் மலைக்கு ஓடி அந்தி நிறுவைக்குப் போய் நிற்பேன். மரக்கிளையில் தராசு தொங்கும். கூடைக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எடையை எழுதுவார்கள். எழுதியது குறிப்பிட்ட கிலோவுக்குக் குறைந்தால் அன்று அரைப் பேர்தான், அரைச் சம்பளந்தான். ஒரு நாள் வெயில் கொளுத்துகிற கச்சானில் அம்மாவின் கூடையிலும் தண்ணீருக்கென்று கழித்தார்கள். அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இன்னிக்கு மழையே இல்லைங்களே."

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் வந்தது: "அடுத்த ஆள்."

அம்மா நகர்ந்துவிட்டார். லயத்துக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு கழிப்பது, எப்போது கழிப்பது, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அந்தச் சுவரின் வெறுமை எனக்கு அன்று தெரியவில்லை. பல ஆண்டு கழித்து, எழுதி ஒட்டிய ஒரு சுவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எங்களில் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1988இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் ஒவ்வொருவராக அடையாள அட்டை எடுத்தோம். அட்டை கைக்கு வந்த கையோடு, தோட்டத்துப் பொடியன்கள் எல்லாரையும்போல நானும் பதுளையில் இரவுக் கோச்சி ஏறினேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை என்று கொஞ்ச நாள். பிறகு ஊர்க்காரர் ஒருவர் மொரட்டுவைப் பக்கம் பொல்கொடை வாவிக் கரையில் ஒரு படகுக் கழகத்தில் ஆள் தேவை என்று கூட்டிக்கொண்டு போனார். படகு கழுவ வேண்டும், கயிறு சுருட்ட வேண்டும், பிள்ளைகள் கரைக்கு வரும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடிக்க வேண்டும். அதுதான் வேலை. அப்போது எனக்கு நீந்தத் தெரியாது.

அங்கே படகோட்டப் போட்டிகளை நடத்துகிற பொறுப்பில் இருந்தவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரும் அவரை கமாண்டர் சேர் என்பார்கள். முதல் நாள் என் ஊரைக் கேட்டார். பதுளை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "நான் கடற்படைக்காரன் ஆனது உங்கடை மலையிலைதான் தம்பி" என்றார். உண்மைதான். அந்தக் காலத்தில் இலங்கைக் கடற்படைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்கிய ரங்கல முகாம், நாலாயிரம் அடி உயரத்தில் தியத்தலாவையில் இருந்தது. கொடி ஏற்றவும் முடிச்சுப் போடவும் அவர் பழகிய இடம் அது. குளிரில் விறைத்த விரலால் போட்ட முடிச்சு சாகும்வரை மறக்காது என்பார். படங்கில் நான் போட்ட முடிச்சும் அவரிடம் படித்ததுதான். தியத்தலாவையில் அவர் கற்றதை நான் பொல்கொடையில் கற்று, மறுபடி ஊவாவுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் ஓட்டிய படகின் பெயர் ஒப்டிமிஸ்ட். அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947இல் சிறுவர்களுக்காகவே வரைந்தது. மூக்குத் தட்டையாக, மாவு பிசைகிற மரத்தொட்டி போல இருக்கும். நீளம் 2.36 மீற்றர், வெற்றுப் படகின் எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய், ஒரே ஒரு பிள்ளை. பதினைந்து வயதுவரைதான் அதில் ஓட்டலாம். எட்டு வயதுப் பிள்ளை தனியாக ஒரு படகுக்கு மாலுமியாக உட்காருவதை முதல்முதல் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் அத்தனை விதியும் இருந்தன என்று போகப்போகப் புரிந்தது.

போட்டி தண்ணீரில் தொடங்குவதில்லை, அறிவித்தல் பலகையில் தொடங்குகிறது. பல வாரங்களுக்கு முன்பே போட்டி அறிவித்தல் ஒட்டப்படும். யார் சேரலாம், என்ன கட்டணம், எத்தனை ஓட்டம், எந்த விதிப்புத்தகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து ஓட்ட அறிவுறுத்தல்கள். எந்த மிதவையை எந்தக் கைப்பக்கம் விட்டுச் சுற்றுவது, எந்தக் கொடிக்கு என்ன பொருள், முறைப்பாட்டை எத்தனை மணிக்குள் கொடுப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும். மறுநாள் நேரத்தை மாற்ற வேண்டுமானால் முந்திய இரவு எட்டு மணிக்குள் பலகையில் ஒட்டிவிட வேண்டும். எட்டே கால் ஆகிவிட்டால், எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும் பழைய நேரந்தான். ஒருமுறை கழகத்தின் முக்கியஸ்தர் ஒருவரே வந்து, காலையில் தனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது, ஓட்டத்தை ஒரு மணிநேரம் தள்ளலாமா என்று கேட்டார். கமாண்டர் சேர் வாய் திறக்காமல் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை, வரிசையாக ஆணி அடித்தது. ஒவ்வொரு ஆணியிலும் இலக்கமிட்ட ஒரு வில்லை தொங்கும். தண்ணீருக்குள் போகும் பிள்ளை தன் வில்லையைத் தானே எடுத்துப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தானே மாட்ட வேண்டும். அம்மா மாட்டக்கூடாது, தம்பி மாட்டக்கூடாது. வெறும் ஆணி என்றால் ஒரு பிள்ளை தண்ணீரில் இருக்கிறது என்று அர்த்தம். மிதப்புச் சட்டையில் விசில் கட்டியிருக்கிறதா, தண்ணீர் இறைக்கிற குவளை படகோடு கயிற்றில் பிணைத்திருக்கிறதா, மூக்கில் இழுகயிறு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒன்று குறைந்தாலும் படகு இறங்காது. கெஞ்சிய பிள்ளைகள் உண்டு. அழுத பிள்ளைகளும் உண்டு.

பிறகு என்னை, ஓட்டத்தை நடத்துகிற கமிட்டியின் படகில் ஏற்றிக்கொண்டார்கள். கொடி ஏற்றி இறக்குகிற வேலை. முதலில் எனக்கு அத்தனையும் ஒரே துணிக்கடையாகத் தெரிந்தது. வீட்டுச் சாமான்களை வைத்து மனப்பாடம் செய்துகொண்டேன். நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம், அது ஆயத்தக் கொடி. அம்மாவின் நீலச் சீலையில் வைத்த வெள்ளை ஒட்டுப்போல. சிவப்பும் வெள்ளையும் கோயில் மதில்போல மாறிமாறி வந்தால் ஓட்டம் தள்ளிப்போகிறது. நீலமும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, சாரம்போல இருந்தால் ஓட்டம் கைவிடப்படுகிறது. வெள்ளையில் நீலச் சிலுவை ஏறினால் யாரோ நேரத்துக்கு முன் தொடக்கக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள், அவர்கள் திரும்பி வர வேண்டும். எல்லாருமே தாண்டிவிட்டால் நீலத்தில் மஞ்சள் முக்கோணம். எல்லாரும் திரும்ப வேண்டும்.

எங்கள் காலத்தில் ஓட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு கொடி, ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. இப்போது ஐந்து, நான்கு, ஒன்று, பூச்சியம் என்று சுருக்கிவிட்டார்கள். ஐந்தாம் நிமிடத்தில் எந்தப் படகு வகுப்பு என்று காட்டும் வகுப்புக் கொடி ஏறும், நான்காவதில் ஆயத்தக் கொடி ஏறும், ஒன்றில் ஆயத்தக் கொடி இறங்கும், பூச்சியத்தில் வகுப்புக் கொடி இறங்கும். அந்த இறக்கந்தான் தொடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஊதுகுழல் ஒலிக்கும்.

அங்கேதான் நான் பிழை விட்டேன். ஒரு காலை, இருபத்திரண்டு படகும் கோட்டுக்குக் கீழே முண்டியடித்து நிற்கின்றன. கடைசி வினாடி. என் பக்கத்தில் நின்றவர் ஊதுகுழலை அழுத்துகிறார், வாயு தீர்ந்து சத்தம் வரவில்லை. சத்தம் வரட்டும் என்று நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக்கு ஓடியும், ஸ்டோர்ச் சங்கு கேட்டுச் சோறு தின்றும் வளர்ந்தவன், சத்தம் வராமல் கை அசையவில்லை. சில வினாடி போய்விட்டது. சில படகுகள் தங்கள் கைக்கடிகாரத்தை நம்பிப் பாய்ந்துவிட்டன, சில கொடியைப் பார்த்து நின்றுவிட்டன. கமாண்டர் சேர் உடனே மஞ்சள் முக்கோணத்தை ஏற்றச் சொன்னார். எல்லாரையும் திருப்பினார்.

எனக்குக் கை நடுங்கியது. தோட்டத்தில் என்றால் அன்றைக்கு வேலை போயிருக்கும். அவர் பக்கத்தில் வந்து சொன்னார்: "தம்பி, சத்தம் கண்ணைத் திருப்பத்தான். நேரம் கொடியிலை இருக்கு. சத்தம் வராட்டியும் கொடி இறங்கினால் ஓட்டம் துவங்கிட்டுது. கொடியைப் பாரும்."

அது அவர் புத்தியில் உதித்த வார்த்தை இல்லை, விதிப்புத்தகத்தில் உள்ளது. நேரத்தைக் கண்ணால் காணும் சைகையிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஒலி வராவிட்டால் அதைப் பொருட்படுத்தக்கூடாது என்று எழுதியே இருக்கிறது. அன்று மாலை எல்லாப் பிள்ளைகளும் கூடியிருக்கையில், முதல் தொடக்கத்தில் நடந்த பிழை கமிட்டியின் பிழை, உங்களுடையது இல்லை என்று அவர் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. தராசைப் பிடித்திருப்பவர் கூலி வாங்க நிற்பவரிடம் "பிழை எங்களுடையது" என்று சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை.

தாத்தாவின் மானாப்புல் பார்வை கொஞ்ச நாளில் அங்கே உதவிக்கு வந்தது. கோடு போடுவதற்கு முன் காற்று எந்தத் திசை என்று தெரிய வேண்டும். காற்றுக்குக் குறுக்கே, இரு முனையும் ஒத்த வாய்ப்புத் தருகிற மாதிரி கோடு அமைய வேண்டும். ஒரு முனை காற்றுக்குக் கிட்டப் போனால் அத்தனை பிள்ளைகளும் அந்த முனையிலேயே குவிந்து மோதுவார்கள். கமாண்டர் சேர் ஒரு தடியில் கம்பளி நூல் கட்டிப் பார்ப்பார். நான் எதிர்க்கரைத் தென்னைகளைப் பார்ப்பேன். ஓலை திரும்பிச் சில நிமிடத்தில் காற்று எங்களிடம் வரும். இரண்டு மூன்று முறை சொல்லிச் சரியாக வந்தபின், கோடு போடுமுன் "பதுளைக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. காற்று ஆடிக்கொண்டிருந்தால் அவசரப்பட மாட்டார். சிவப்பு வெள்ளைக் கொடியை ஏற்றிவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார். பெற்றோர் கரையில் பொறுமை இழப்பார்கள். ஒன்றரை மணிநேரம் காத்திருந்து ஒரு நேர்மையான ஓட்டம் ஓடுவது, மூன்று கோணல் ஓட்டம் ஓடுவதைவிட மேல் என்பது அவர் கொள்கை.

அந்த நாட்களில் எனக்குள் ஆழமாக இறங்கியது ஒரு முறைப்பாட்டு விசாரணை.

விதிகளில் முதலாவது பாடம் இது: காற்றை வலப்பக்கத்தில் வாங்கி வருகிற படகுக்கு வழி உண்டு, இடப்பக்கத்தில் வாங்குகிற படகு விலக வேண்டும். விலகாமல் இடையூறு செய்தவர் தன் பிழையை ஒப்புக்கொண்டால் அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகலாம், தண்டனை அதோடு தீர்ந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் மற்றவர் முறைப்பாடு செய்யலாம். பெரிய படகென்றால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். ஆறு மீற்றருக்குக் குறைந்த சிறு படகுக்கு இன்றைய விதிப்படி குரலே போதும். உடனே "புரொட்டெஸ்ட்" என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, அதிகம் பேசாதவள், அன்று அப்படிக் குரல் கொடுத்தாள். எதிரில் பதினாலு வயதுப் பையன். அவனுடைய அப்பாதான் வழக்கமாக விசாரணைக் குழுவின் தலைவர், கழகத்தில் எல்லாரும் எழுந்து நின்று மரியாதை செய்கிற ஆள். நான் அந்த நேரம் மிதவைக்குப் பக்கத்துப் படகில் இருந்தேன். சம்பவத்தைக் கண்ணால் கண்டவன் நான் ஒருவனே.

மாலையில் மேல்மாடி அறையில் மேசை போட்டார்கள். பெண்பிள்ளை எழுதிக் கொடுத்த தாள் மேசையில் கிடந்தது. அந்தப் பெரியவர் வந்தார், தன் நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. சம்பந்தம் உள்ளவர் விசாரிக்கக்கூடாது என்பது விதி. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், விசாரணை முடியும்வரை விறாந்தையில் இருட்டில் நின்றார். கண்ணாடி வழியாக அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்துகொண்டே இருந்தது.

உள்ளே விரல் நீளத்தில் மரப்படகுகள் இரண்டு, காற்றுக்கு ஓர் அம்புக்குறி, மிதவைக்கு ஒரு போத்தல் மூடி. முதலில் பெண்பிள்ளை படகுகளை நகர்த்திக் காட்டினாள். பிறகு பையன். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றபடி சொல்லலாம் என்று நினைத்தேன். "இரும்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அந்த மாடியில் நாற்காலிகளைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. தமிழில் சொல்லும், நான் மொழிபெயர்க்கிறேன் என்றார் கமாண்டர் சேர். சொன்னேன். எதிரே ஒருவர் நான் சொல்லச் சொல்ல எழுதினார். அதுவரை என் வாய்ச்சொல்லை யாரும் தாளில் எழுதியதில்லை.

சாட்சியைக் கேள்வி கேட்க இரண்டு பக்கத்தாருக்கும் உரிமை உண்டு. பையன் சிங்களத்தில் கேட்டான், எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள் என்று. இருபது மீற்றர் இருக்கும் என்றேன். வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டான். என் முதுகுக்குப் பின்னால் என்றேன். தலையாட்டினான். நல்ல கேள்விகள் அவை. அவன் என்னை மடக்கப் பார்க்கவில்லை, நான் பார்த்தேனா என்று அறியத்தான் கேட்டான். எல்லாரையும் வெளியே அனுப்பி, பிறகு அழைத்து, கண்ட உண்மை இது, பொருந்தும் விதி இது, முடிவு இது என்று வாசித்தார்கள். அவன் படகு அந்த ஓட்டத்தில் நீக்கப்பட்டது. முதலாவது வந்தவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, குறைந்த புள்ளியே வெற்றி என்ற கணக்கில், நீக்கப்பட்டவருக்குச் சேர்ந்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி விழும். அவனுக்கு இருபத்துமூன்று விழுந்தது.

மறுநாள் விடியற்காலை நான் படகுகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பையன் வந்தான். நேற்று நீங்கள் பார்த்ததை இன்னொருமுறை காட்டுவீர்களா, எந்த இடத்தில் நான் திரும்பியிருக்க வேண்டும் என்று கேட்டான். தீப்பெட்டி இரண்டை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "ஹரி" என்று சொல்லிப் போனான்.

அன்றிரவு நான் அம்மாவை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு சொல்லுக்கு மூன்று பெரியவர்கள் இரண்டு மணிநேரம் மேசை போட்டு இருந்தார்கள். அம்மா கேட்டது அதைவிடச் சின்னக் கேள்வி.

பிறகு ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் கிழக்கே வானம் கறுத்தது. கட்டம் போட்ட கொடியை ஏற்றி மூன்று முறை ஊதி, எல்லாரையும் கரைக்குத் திருப்பினோம். இடியும் மழையுமாக அக்கரை மறைந்துவிட்டது. கரையில் ஒரே கூச்சல். கமாண்டர் சேர் பிள்ளைகளை எண்ணவில்லை, நேரே ஆணிப் பலகைக்குப் போனார். இரண்டு ஆணி வெறுமையாக இருந்தது. எந்த இரண்டு இலக்கம் என்று கண்ட அடுத்த நிமிடம் மீட்புப் படகு போனது. தெற்குக் கரைக் கண்டல் மரங்களுக்கிடையே இருவரையும் கண்டோம். கவிழ்ந்துபோன ஒரு சின்னவனை இன்னொருவன் தன் படகில் ஏற்றி, அவன் படகை இழுகயிற்றால் தன் படகோடு பிணைத்து, விசில் ஊதிக்கொண்டே இருந்தான். ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது விதிப்புத்தகத்தின் முதலாவது விதி. வெல்வது பற்றிய விதியெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

உதவியவன் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, நான் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தேன், அந்த ஓட்டம் மறுபடி நடக்குமா என்று கேட்டான். ஓட்டமே கைவிடப்பட்டதால் அவனுக்கு நட்டமில்லை, நடந்து முடிந்திருந்தாலும் உதவிக்காக இழந்த இடத்துக்கு ஈடு கேட்க விதி இருக்கிறது என்று கமாண்டர் சேர் சொன்னார். அதோடு லோரன்ஸ் லெமியு கதையையும் சொன்னார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டங்கள் பூசான் கடலில் நடந்தன. கனடாக்காரரான லெமியு ‘ஃபின்’ என்ற படகு வகுப்பில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். வேறு வகுப்பில் ஓடிய இரண்டு சிங்கப்பூர் வீரர்கள் பெருங்காற்றில் தூக்கி எறியப்பட்டுத் தத்தளிப்பதைக் கண்டு, ஓட்டத்தை விட்டுத் திரும்பிப் போய் அவர்களைக் காப்பாற்றினார். நடுவர் குழு அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது. பியர் டி கூபேர்டின் பதக்கமும் கிடைத்தது. எங்கள் பொடியன் கதையைக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு கோப்பை தேத்தண்ணீர் கேட்டான்.

கமாண்டர் சேர் இன்னொரு பெயரையும் அடிக்கடி சொல்வார், ரே விஜேவர்த்தன. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ப்படகு ஓட்டியவர். சரிவு நிலத்தில் மண் அரிக்காமலிருக்கச் சமஉயரக் கோட்டில் கிளிரிசீடியா வேலி நட வேண்டும் என்று ஆயுள் முழுதும் சொல்லி வந்த பொறியியலாளரும் அவர்தான். காற்றைப் படித்தவர் மலைச்சரிவையும் படித்திருக்கிறார் என்பதில் மலைநாட்டானான எனக்கு ஒரு சொந்தம் உண்டு.

மலைச்சரிவு என்றதும் மீரியாபெத்தை வந்துவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29, காலை. கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் அந்தத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்கடியில் போயின. அப்போது நான் ஊருக்கே திரும்பிவிட்டிருந்தேன். போய் நின்றேன். எத்தனை பேர் உள்ளே என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். பல நாள் அந்த எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போனவர்கள் பேர் செக்ரோலில் இருந்தது. அந்தக் காலையில் யார் வீட்டில் இருந்தார்கள் என்பதைச் சொல்ல ஒரு பலகை இல்லை. மண்ணைப் பார்த்து நின்றபோது எனக்கு அந்த ஆணிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

கமாண்டர் சேர் இப்போது இல்லை. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண்பிள்ளை நேத்ரா குமணன், பாய்ப்படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாகப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அவர் பார்த்திருக்க வேண்டுமே என்று இருந்தது. என் வீட்டில் யாருக்கும் அந்த ஓட்டம் விளங்கவில்லை. கொடி ஏறும்போதெல்லாம் நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்துப் பொங்கல் விளையாட்டுப் போட்டியை இப்போது இளைஞர்கள் நடத்துகிறார்கள். சாக்கு ஓட்டத்துக்கும் கயிறிழுப்புக்கும் விதியை முந்திய வாரமே எழுதிக் கோயில் சுவரில் ஒட்ட வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை முறைப்பாடு சொன்னால் மூன்று நாற்காலி போடுகிறார்கள். சொந்தக்காரப் பிள்ளை என்றால் அந்த நடுவர் எழுந்துவிட வேண்டும். முதல் வருடம் முணுமுணுப்பு இருந்தது. போன வருடம் ஒருவர் தானாகவே எழுந்து போய்த் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றார்.

கூரையைக் கட்டிவிட்டு இறங்கியபோது அந்தப் பையன் கேட்டான்: "எங்க ஊர்ல படகு ஓட்ட முடியாதா மாமா?" முடியும். எங்கள் பதுளை மாவட்டத்திலேயே, மகியங்கனையில், பழைய அரசர் காலத்துச் சொரபொர வாவி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். கொழும்பிலும் மொரட்டுவையிலும் படகுக் கழகம் வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகள் பதினைந்து வயது தாண்டிவிட்ட பிறகு கொட்டகையில் கிடக்கிற ஒப்டிமிஸ்ட் படகுகளில் நாலைந்தை இரவல் தாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு சின்ன லொறி போதும். மீட்புப் படகு இரண்டும் நீச்சல் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டும். உரிய இடத்தில் அனுமதிக்கு நான் அலைகிறேன். விதிகளைத் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆணிப் பலகை அடித்தாயிற்று. கொடிகளை என் மனைவி தைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள்.